முதல் கியரில் ஒரு சுற்று

மேட்டூர் அணை திறக்காமல் குறுவை இல்லாமல் போன ஒரு வருஷம். எண்ணெய்க் குழாய் பதிக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆடி பிறப்பதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவில், கடலை ஒட்டிய ஒரு பொட்டல்வெளியில் நடந்தது இது.

நான் மயிலாடுதுறையில் சின்னதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். என் மைத்துனர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடுகிற ஸ்டீயரிங் ஒன்றையும் பெடல்களையும் கொண்டுவந்தார். "மச்சான், புதுசா கத்துக்க வர்றவங்க ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதுல பழகட்டும். காரும் அடிபடாது, உங்க நெஞ்சும் படபடக்காது" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிஜக் காரைத் தொடத்தான் பணம் கட்டியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்டீயரிங் வீட்டுக்கு வந்தது. என் மனைவி அதைத் தன் தையல் மெஷின் மேஜையில் மாட்டி, வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். மொசைக் தரையில் பெடல் நழுவியது. அதற்குப் பின்னால் ஓர் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தாள். ஜாக்கெட் தைக்கிற வேலை முடிந்ததும் உட்கார்ந்துவிடுவாள்.

முதலில் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் தெரிந்த மண் ரோட்டில் ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் பிரேக்கை ஓர் இமைப்பொழுது தள்ளி மிதித்துப் பார்ப்பதும், கார் சறுக்கும்போது ஸ்டீயரிங் கையில் லேசாவதை வைத்தே அதைத் திருப்பிப் பிடிப்பதுமாக இருந்தாள். நெற்றியில் வியர்வை. கூப்பிட்டது காதில் விழவில்லை. நான் வருஷக்கணக்கில் எத்தனையோ பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வண்டி சறுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சறுக்கவிட்டுக் கற்றுக்கொடுக்க எந்த ரோடு இருக்கிறது?

அவளுக்கு லைசென்ஸ் உண்டு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் எடுத்த பிறகு ஓட்டியது குறைவு. இந்த நேரத்தில்தான் திருச்சியில் உள்ள ஒரு கார் கிளப், கடற்கரைப் பக்கம் மண் தரைப் பந்தயம் நடத்தப்போவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பொட்டல் நிலத்தில் பாதை அடையாளம் செய்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். புதியவர்களுக்கு ஒரு பிரிவு, பெண்களுக்கு ஒரு பிரிவு. "பேரு கொடுக்கவா?" என்று கேட்டேன். துணியில் இருந்து கண்ணை எடுக்காமல், "எந்தக் காரு?" என்று கேட்டாள். சம்மதம் என்று அர்த்தம்.

எங்கள் பயிற்சிக் கார்தான். பயிற்சிக் காரில் இடது பக்கம் எனக்கென்று தனியாக கிளட்சும் பிரேக்கும் இருக்கும். பந்தயத்துக்கு அவற்றைக் கழற்ற வேண்டும் என்றார்கள். மெக்கானிக் கழற்றி எடுத்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது. அந்தக் காரில் அவள் ஓட்டியபோதெல்லாம் பக்கத்தில் என் கால் பிரேக்கின் மேல் இருந்திருக்கிறது.

அந்த நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் மின்சாரம் தயாரிக்கப்போகிறோம் என்று ஒரு கம்பெனி ஏக்கர் ஏக்கராக வாங்கிப் போட்டது. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். ஆலை வரவில்லை. வேலி வந்தது, வாட்ச்மேன் வந்தார், சீமைக்கருவேலம் வந்தது. ஆட்சி மாறினால் நிலம் திரும்பும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் சொன்னார்கள். ஆட்சியும் மாறியது, மறுபடியும் மாறியது, வேலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கிளப்காரர்கள் கம்பெனியிடம் அனுமதி வாங்கிப் பந்தயம் வைத்தார்கள். நிலத்தின் கதை அவர்களுக்குத் தெரியாது. மயிலாடுதுறையில் இருக்கிற எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

அன்று காலை போய்ச் சேர்ந்தபோது கடல் காற்றில் புழுதி பறந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு பழக்கச் சுற்று விட்டார்கள். ஹெல்மெட்டுக்குள் முக்காடு விலகாமல் இருக்க ஊக்கு குத்திக்கொண்டு, பிஸ்மி சொல்லி காரை எடுத்தாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் போட்டாள். வீட்டில் நான் பார்த்தவள் இவள் இல்லை. ஓட்டியவர்களில் கடைசிக்கு முந்தைய இடம்தான் அவள் நேரத்துக்கு.

இறங்கி வந்ததும் முகம் வெளுத்திருந்தது. "என்னாச்சு?" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல எனக்குக் கண்ணும் கையும்தாங்க இருந்துச்சு. இங்க வயிறு, முதுகு, கழுத்து எல்லாம் கூட வந்து ஒக்காந்துக்குது. குலுங்குனா ஒவ்வொண்ணும் தனித்தனியா பயப்படுது."

"போதும்னா போயிடலாம்."

"எதுக்குப் போவணும்? அதுங்களுக்கும் பழகணும்ல."

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மற்றவர்கள் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் அந்த வெயிலில் பாதை முழுவதையும் காலால் நடந்தாள். எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே களிமண் வெடித்துக் கெட்டியாக இருக்கிறது, எந்த இடத்தில் பழைய வரப்பு லேசாக மேடு தட்டுகிறது என்று குனிந்து கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டாவது பழக்கச் சுற்றில் கார் வேறு மாதிரி போனது. வளைவில் பின்பக்கம் விலகியது, அதை விலகவிட்டே பிடித்தாள். பக்கத்தில் நின்ற கிளப் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். ஒரு காலத்தில் கார் ராலி ஓட்டியவர்.

"எங்க ஓட்டிப் பழகினாங்க?"

"வீட்லங்க. தையல் மெஷின்ல" என்றேன். அவர் நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்.

நிஜப் போட்டி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் சத்தம் கேட்டது. பக்கத்துக் கிராமத்து ஆட்கள் கூட்டமாக வந்து கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளப் பையன்கள் பாதிப் பேர் அங்கே ஓடினார்கள். தகராறு கேட்டோடு நின்றுவிடும் என்று நினைத்துப் போட்டியை நிறுத்தவில்லை. அடுத்தது என் மனைவியின் முறை. கொடி இறங்கியது. கார் கிளம்பியது.

நான் ஒரு மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வளைவும் அவள் வீட்டில் ஓட்டுவது போலவே இருந்தது. என்னை அறியாமல் கை தட்டினேன். அப்போதுதான் தூரத்தில், கடல் பக்கக் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து சில பெண்கள் வெளியே வருவதைக் கண்டேன். வேலியில் எங்கோ இருந்த இடைவெளி வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். நேராகப் பாதைக்குள் இறங்கிக் கடைசி வளைவில் உட்காரத் தொடங்கினார்கள். அந்த வளைவில் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டிய பையன் கேட்டில் என்ன கலாட்டா என்று பார்க்கப் போயிருந்தான்.

நான் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. இல்லாத பிரேக்கைத் தேடி அது மண்ணில் குழி பறித்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

புழுதிக்குள்ளிருந்து கார் வளைவுக்கு வந்தது. சாதாரணமாக ஓட்டுகிறவர் அந்த இடத்தில் பிரேக்கை முழுசாக மிதிப்பார். சக்கரம் இறுகி, கார் நேராகச் சறுக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்கள் மேல் ஏறியிருக்கும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவள் அப்படிச் செய்யவில்லை. காரின் மூக்கு ஒரு பக்கம் வெட்டித் திரும்பியது, ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறாள், பின்பக்கம் வீசிக்கொண்டு சுற்றியது, கார் குறுக்குவாட்டில் வழுக்கி, பழைய வரப்பில் மோதி ஏறி, ஒரு பக்கச் சக்கரங்கள் காற்றில் நின்று, திரும்பத் தொப்பென்று விழுந்தது.

அங்கே ஓடிச் சேர்வதற்குள் என் உயிர் போய் வந்தது. புழுதி அடங்கியபோது அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கீழே விழுந்து கிடந்த ஓர் அம்மாவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கார் அவர் மேல் படவில்லை. பயத்தில் பின்னால் சாய்ந்து விழுந்திருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு.

"அடி ஏதும் படலியே? சொல்லுங்க, எங்கயாச்சும் வலிக்குதா?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயா ஓட்டிக்கிட்டு வந்த?"

"நான்தாங்க."

"பொம்பளப் புள்ள." அதையே இன்னொரு தடவை சொன்னார்.

அதற்குள் கிளப் பையன்கள் வந்துவிட்டார்கள். செத்துப்போயிருப்பீர்கள், அறிவிருக்கிறதா என்று ஒருவன் பெண்களைப் பார்த்துக் கத்தினான். என் மனைவி திரும்பினாள். "அவங்கள ஏன் சத்தம் போடுறீங்க? இங்க கொடி காட்ட வேண்டிய ஆளு எங்க?"

ஆனால் அந்த அம்மாவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "எங்க ஆட்ட உள்ள வுட்டா கேசு போடுறான். சுள்ளி பொறுக்க வந்தா வாட்ச்மேன் வெரட்டுறான். காருக்கு மட்டும் கதவத் தெறந்து வுடுறானா? இது நாங்க நட்ட வயலு. இதுல வந்து வெளையாடுறீங்களா?"

கிளப் தலைவர் மூச்சு வாங்க வந்து நின்றார். என் மனைவிதான் கேட்டாள், "உங்க வயலு எதுங்க?"

அந்த அம்மா கையை நீட்டி எங்கோ காட்டினார். பிறகு கையை இறக்கிக்கொண்டார். "இங்கேருந்து சொல்லத் தெரியலம்மா. வேலி போட்டப்பறம் உள்ளயே வுடல. காடா கெடக்கு." காரைப் பார்த்தார். "இந்தக் காரு ஓடுமா இன்னும்?"

"ஓடும்."

"போலீஸ்காரன் வந்து எங்கள அள்ளிக்கிட்டுப் போறதுக்குள்ள, என்னை ஏத்திக்கிட்டு ஒரு தடவ சுத்தி வா. எங்க நெலத்த நான் பாக்கணும்."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, கிளப் தலைவரையும் பார்க்கவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்தாள். அந்த அம்மா முன்னால் ஏறினார். பின்னால் மூன்று பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கு இடமில்லை.

கார் முதல் கியரில் கிளம்பியது. வரப்பில் மோதியதில் பம்பர் ஒரு பக்கம் தொங்கி மண்ணில் உரசியது. சற்று முன்னால் எந்தப் பாதையில் அது பறந்ததோ அதே பாதையில், ஆள் நடக்கிற வேகத்தில் போனது. அங்கங்கே நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீளும். கார் நிற்கும், மறுபடி நகரும். நாங்கள் ஆரம்பக் கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். போட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்கள் கார்களை விட்டு இறங்கி நின்றார்கள்.

அப்போது போலீஸ் வேன் ஒன்று உள்ளே வந்தது. இறங்கிய அதிகாரி கிளப் தலைவரிடம், உள்ளே நுழைந்த பெண்களை ஏற்ற வேண்டும், அந்தக் காரை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்.

தலைவர் ஒரு நிமிஷம் பாதையைப் பார்த்தார். பிறகு, "முடியாதுங்க சார். போட்டி நடந்துக்கிட்டு இருக்கு. டிராக்ல ஒரு காரு ஓடுறப்ப யாரும் உள்ள எறங்கக் கூடாது. பாதுகாப்பு விதி" என்றார்.

அதிகாரி காரைப் பார்த்தார். நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. "இதுவா போட்டி?"

"ஆமாங்க சார். இன்னும் கோட்டைத் தாண்டல."

அந்த அதிகாரிக்குப் புரியாமல் இல்லை. தொப்பியைக் கழற்றி வேன் பானெட் மேல் வைத்தார். ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி, நிதானமாகக் குடித்தார். கார் சுற்றி வந்து ஆரம்பக் கோட்டை நெருங்கியது. நிற்கும் என்று எதிர்பார்த்தோம். நிற்காமல், அதே வேகத்தில், இரண்டாவது சுற்றுக்குப் போனது. அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் முடிவு காட்ட வேண்டிய கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

காருக்குள் நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். முதல் சுற்றில் அந்த அம்மா பேசிக்கொண்டே வந்திருக்கிறார். இங்கே வாய்க்கால் ஓடியது, இங்கே நாற்றங்கால், இந்த சிமென்ட் மேடைதான் எங்கள் போர்செட் மோட்டார் இருந்த இடம் என்று. பின்னால் இருந்தவர்கள் இல்லை இல்லை, அது எங்களுடையது, உங்களுடையது அந்தப் பக்கம் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். சிரித்தும் இருக்கிறார்கள். கோட்டுக்கு அருகில் வந்தபோது அந்த அம்மா, "இன்னும் ஒரு சுத்து போவலாமா?" என்று கேட்டாராம். இரண்டாவது சுற்றில் எல்லோரும் அவரவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்களாம்.

சுற்று முடிந்து இறங்கியதும் பெண்கள் தாங்களாகவே நடந்துபோய் வேனில் ஏறினார்கள். தலைவர் மீதிப் போட்டியை ரத்து செய்தார். ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. கேட்டுக்குப் போய், இடத்தின் விவரம் தெரியாமல் வந்துவிட்டோம், இனி வரமாட்டோம் என்று கிராமத்து ஆட்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவர்களில் பெரியவர் ஒருவர் கேட்டைத் தானே திறந்து வழிவிட்டார்.

பெண்களை ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள். அவர்களை விடும்வரை வீட்டுக்கு வரமாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். தொங்குகிற பம்பரைக் கயிற்றால் கட்டிவிட்டு மண்டபத்துக்கு எதிரே நின்றோம். அந்த அம்மா வெளியே வந்தார். இவளைக் கண்டதும் நேராக வந்து, "நீ வேகமா ஓட்டுறத நான் பாக்கவே இல்லியே. கண்ண மூடிக்கிட்டேன். இன்னொரு தடவ ஓட்டுறப்ப சொல்லியனுப்பு, வர்றேன்" என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு இவள் அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வந்தது. அந்த அம்மா தன் சிராய்த்த கையால் இவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

அந்த வருஷக் கடைசியில் கிளப் தலைவர் போன் செய்தார். கோயம்புத்தூர் பக்கம் முறையான பந்தயத் தளத்தில் ஒரு போட்டி, தன் கிளப் சார்பில் என் மனைவி ஓட்ட வேண்டும் என்றார். நேரத்தை வைத்துக் கூப்பிடவில்லை, அந்த வரப்பில் இருந்த டயர் தடத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். போனோம். அதற்கு முன்னால் அந்தத் தளத்தைக் கம்ப்யூட்டரில் தேடியெடுத்து மாதக்கணக்கில் ஓட்டிப் பழகினாள். அங்கே போன முதல் நாளே எந்த வளைவில் எந்தக் கியர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உடம்புக்குத் தெரியாததை உடம்பு அங்கே கற்றுக்கொண்டது. கோப்பை கிடைக்கவில்லை. கடைசியாகவும் வரவில்லை. சந்தோஷமாகத் திரும்பினோம். அந்த நிலம் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. ஆனால் பந்தயம் நடந்த நாளுக்குப் பிறகு உள்ளே போன ஆடுகளுக்காக யார் மேலும் கேஸ் போடவில்லை என்று அந்த அம்மா சொன்னார். அவரும் என் மனைவியும் போனில் பேசிக்கொள்வதுண்டு.

எப்படி அந்தக் காரைத் திருப்பினாய் என்று ஒரு நாள் கேட்டேன். "கை தானா செஞ்சிடுச்சுங்க. அதே மாதிரி எத்தனையோ ஆயிரம் தடவ சறுக்கியிருக்கேன்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா விளையாட்டுல ரோட்டோரம் நிக்கிற ஜனமெல்லாம் அட்டைப் பொம்மைங்க. இடிச்சா கூட ஒண்ணும் ஆவாது. அன்னிக்கு அந்த அம்மா மொகம் தெரிஞ்சுது. அத எங்கயும் பழகல" என்றாள்.

அவள் வேகத்தைப் பார்த்து நான் வியந்த நாட்கள் நிறைய உண்டு. ஆனாலும் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள யாராவது வந்து உட்காரும்போதெல்லாம், பம்பர் தரையில் உரச நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு அவள் முதல் கியரில் போனதுதான் என் கண் முன்னால் வருகிறது, இவரும் ஒரு நாள் அப்படி ஓட்ட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் சாவியைக் கொடுக்கிறேன்.